நூற்றுப் பன்னிரண்டாம் டவரும் என் மோட்டார் சைக்கிளும்

நான் அந்த மோட்டார் சைக்கிளை வேலைக்காக வாங்கினேன் என்று யூனியன் ஆபீசில் யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால் நம்ப வேண்டாம். பம்பாயில் நான் குடியிருந்த மாட்டுங்காவில் நாலு பேர் பார்க்க வேண்டும் என்பதற்காக வாங்கினேன். வேலைக்கு உதவும் என்பது வாங்கிய பிறகு கண்டுபிடித்த காரணம். லைன் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நான் எழுதும்படி சங்கத்துக்காரர்கள் கேட்டார்கள். என் சாதனைகளைப் பற்றி எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். அதை என் பிரிவுபசார விழாவில் மூன்று பேர் பேசி முடித்துவிட்டார்கள்; கேட்ட எனக்கே யாரைச் சொல்கிறார்கள் என்று சந்தேகமாக இருந்தது. நான் இங்கே சொல்வது அவர்கள் விட்டுவிட்ட ஒரு விஷயம்.

அறுபதுகளின் நடுவில் நான் மின்சாரக் கம்பெனியின் செம்பூர் ஆபீசில் பேட்ரோல் சூப்பர்வைசர். மலைப்பக்கத்து மின் நிலையத்திலிருந்து பம்பாய்க்கு வரும் உயர் அழுத்த லைனை டவர் டவராகப் பார்த்து வருவதுதான் வேலை. ஒரு லைன்மேனைக் கூட்டிக்கொண்டு ரயிலிலும் பஸ்ஸிலும் போய் இறங்கி, வயல் வரப்பிலும் காட்டிலும் நடப்போம். போல்ட் எதுவும் போயிருக்கிறதா, கம்பியைத் தாங்கும் பீங்கான் தட்டு உடைந்திருக்கிறதா, கிளை கம்பிக்குக் கிட்டே வந்துவிட்டதா, காலடி மண் அரித்திருக்கிறதா என்று பார்த்து, படிவத்தில் டவர் நம்பருக்கு எதிரே எழுத வேண்டும். ஒரு நாளைக்கு ஒன்பது டவர், மிஞ்சினால் பத்து. அதற்கு மேல் கால் ஒத்துழைக்காது.

என்னுடன் வந்த லைன்மேன் சுடலைமுத்து. தாராவியில் வீடு, நாங்குநேரிப் பக்கத்துக் குடும்பம். என்னைவிட இரண்டு வயது சின்னவர். அதிகம் பேச மாட்டார். பேசினால் அது பெரும்பாலும் எனக்குப் பிடிக்காததாக இருக்கும்.

வண்டி நூற்றெழுபத்தைந்து சி.சி. தாதரில் ஒரு பார்சிக் கனவான் விற்றார். அவர் மனைவி அதில் ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டாளாம். அந்த அம்மாளின் புத்தி எனக்கு இருந்திருந்தால் இந்தக் கட்டுரையே தேவைப்பட்டிருக்காது. வாங்கிய கையோடு தாராவியில் மீரான் பாய் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். பட்டறை என்றால் இரண்டு தகரமும் ஒரு வெல்டிங் செட்டும்தான். ஆனால் அவர் கை பட்டு ஓடாத வண்டி இல்லை என்று பேச்சு.

"பாய், இது காடு மேடு எல்லாம் ஏறணும்" என்றேன்.

அவர் என் தேய்த்த சட்டையைப் பார்த்தார். "எந்தக் காடு? மாட்டுங்கா மார்க்கெட்டா?"

கிண்டல் செய்தாலும் வேலையைச் சுத்தமாகச் செய்தார். தண்ணீர் புகாமலிருக்க சைலன்சரை மேலே தூக்கி வலது பக்கமாகக் கொண்டுபோனார். பின்சக்கரத்தில் பெரிய பல்சக்கரம் போட்டார். வேகம் குறையும், ஏற்றத்தில் இழுக்கும். குர்லா பழைய இரும்புக் கடையிலிருந்து ராணுவ வண்டியில் ஓடிய முரட்டு டயர் இரண்டு தேடிக் கொடுத்தார். எஞ்சினுக்கு அடியில் கல் அடிக்காமலிருக்க டின் டிரம்மின் அடித்தகட்டை வெட்டி மாட்டினார். "வலது காலு பத்திரம். பைப்பு சுடும்" என்றார். எனக்குத் தெரியாதா என்று கேட்டுவிட்டுக் கிளம்பினேன்.

நேரே மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிள். வழக்கமாக நாங்கள் காபி சாப்பிடும் ஓட்டல் வாசலில், பல்பொடி விளம்பரத்து ஆள் மாதிரி சிரித்துக்கொண்டு நிறுத்தினேன். இறங்கும்போது புது டெரிலின் பேண்ட் சைலன்சரில் பட்டது. டெரிலின் எரியாது, உருகும். உருகிக் காலோடு ஒட்டிக்கொள்ளும். ஒற்றைக் காலில் நின்றபடி காபி குடித்தேன். நாலு பேர் பார்த்தார்கள். நாலு பேர் என்ன, நாற்பது பேர்.

அதோடு புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. மறுநாள் எங்கள் ஏ.இ.யிடம், அதாவது அசிஸ்டெண்ட் இன்ஜினியரிடம் போய், வண்டியில் போனால் ஒரு நாளைக்கு முப்பது டவர் பார்க்கலாம் என்று சொன்னேன். அவரும் மாட்டுங்காக்காரர்தான். லைனை அவர் பார்த்தது பெரும்பாலும் வரைபடத்தில். வரைபடத்தில் மழை பெய்யாது.

"முப்பதா? ஒரு நாளைக்கா? எழுதிக் கொடும் ஓய்" என்றார்.

எழுதிக் கொடுத்தேன். அவர் அதில் முப்பதை முப்பத்தைந்தாக்கி மேலே அனுப்பினார். மேலே இருந்தவர் நாற்பதாக்கிப் பாராட்டினார். அடுத்த மாதத்திலிருந்து நாற்பது என்பது எங்கள் கடமையாகிவிட்டது.

வண்டியைப் பற்றி நான் குறை சொல்ல மாட்டேன். அது நல்ல வண்டி. வாஷிப் பாலம் அப்போது கிடையாது. செம்பூரிலிருந்து பாண்டுப், முலுண்ட் வழியாகத் தாணே சுற்றி, மும்பரா தாண்டிப் பன்வேல் போக வேண்டும். தார் ரோட்டில் அது சாதுவாக, கொஞ்சம் புகை விட்டுக்கொண்டு ஓடும். தாரை விட்டு மண்ணில் இறங்கியதும்தான் அதன் குணம் தெரியும். உட்கார்ந்து ஓட்டினால் முதுகு போய்விடும். கால்மிதியில் நின்று, முழங்காலைத் தளர்த்தி, வண்டி தன் இஷ்டத்துக்கு ஆடவிட வேண்டும். முன்சக்கரத்தைப் பார்க்கக் கூடாது. போக வேண்டிய இடத்தைப் பார்த்தால் வண்டி அங்கே போகும். செம்மண் சேறு சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே அடைத்துக்கொண்டு சக்கரத்தையே பூட்டிவிடும் என்று முன்மட்கார்டைக் கழற்றிவிட்டேன். அதற்குப் பிறகு அந்தச் சேறு நேராக என் வாய்க்கு வந்தது. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி: ஏற்றத்தின் நடுவே நிறுத்தவே கூடாது. நிறுத்தினால் பின்சக்கரம் அந்த இடத்திலேயே குழி தோண்டும். இறங்கித் தள்ள வேண்டும்.

தள்ளும் பாக்கியம் பின்னால் உட்கார்ந்திருந்த சுடலைமுத்துவுக்கு. முதல் மாதம் ஆறு தடவை விழுந்தோம். ஒவ்வொரு தடவையும் எழுந்து மண்ணைத் தட்டிவிட்டு, "சாப், நான் நடந்து வாரேன். நீங்க முன்ன போய் வண்டிய ஓட்டிக்கிட்டு இருங்க" என்பார்.

ஆரம்பத்தில் ஒவ்வொரு டவரிலும் நிறுத்திப் பார்த்தோம். நாற்பது வந்த பிறகு ஒன்று விட்டு ஒன்று நிறுத்தினோம். பிறகு சந்தேகம் வந்தால் மட்டும். வண்டியில் போகிறவனுக்குச் சந்தேகம் அடிக்கடி வராது. அவன் கவனம் முழுக்க அடுத்த கல்லிலும் அடுத்த பள்ளத்திலும் இருக்கும். சாயங்காலம் வீட்டுக்குப் போய், எந்தப் பள்ளத்தை எப்படித் தாண்டினேன் என்று என்னால் விவரமாகச் சொல்ல முடியும். டவர்களைப் பற்றிக் கேட்டால் படிவத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். படிவத்தில் எல்லாம் 'நல்லது' என்றிருக்கும்.

இப்படி ஒன்றரை வருடம் ஓடியது. மறுபடியும் மழைக்காலம் வந்தது.

நூற்றுப் பன்னிரண்டாம் டவர் கர்ஜத் பக்கத்து மலைச்சரிவில் இருந்தது. அதற்கு நேர் கீழே ஆதிவாசிகளின் குடியிருப்பு, பதினோரு குடிசைகள். சரிவில் ஏறும் மாட்டுத்தடம் டவருக்குக் கொஞ்சம் தள்ளிப் போகும். ஜூலையில் ஒரு நாள் அந்த ஏற்றத்தில் முதல் கியரில் முனகிக்கொண்டு ஏறினோம். குடிசைப் பக்கத்திலிருந்து ஒரு பெண் கோணிப்பையைத் தலைமேல் சுழற்றிக்கொண்டு ஓடி வந்தாள். இன்னும் இரண்டு பேர் கையை ஆட்டினார்கள். மலையில் மோட்டார் சைக்கிள் ஏறுவதை அவர்கள் எங்கே பார்த்திருக்கப் போகிறார்கள் என்று எனக்குப் பெருமை. ஒரு கையை விட்டு, தேர்தலில் ஜெயித்தவன் மாதிரி நானும் ஆட்டினேன்.

"சாப், நிப்பாட்டுங்க. கீழ்ப்பக்கத்துக் காலுகிட்ட மண்ணு ஒரு மாதிரி கெடக்கு" என்று பின்னாலிருந்து கத்தினார் சுடலைமுத்து.

"இங்க நிறுத்தினா கிளம்பாது. மேல போய்ப் பாக்கலாம்."

உச்சிக்குப் போய் எஞ்சினை அணைத்து ஆறவிட்டேன். அங்கிருந்து பார்த்தேன். டவர் நேராகத்தான் நின்றது. இருநூறு கஜத்திலிருந்து பார்த்தால் எந்த டவரும் நேராகத்தான் நிற்கும். சுடலைமுத்து திரும்பவும், "மண்ணு சரியில்ல சாப். நான் கீழ எறங்கிப் பாத்துட்டு வாரேன்" என்றார்.

"இன்னும் பதினாறு இருக்கு. ஏறு."

அவர் ஏறிக்கொண்டார். நான் படிவத்தில் 'நல்லது' என்று எழுதினேன். கையெழுத்து நன்றாக வந்திருந்தது.

எட்டு நாள் கழித்து அதே வழியில் வந்தோம். நடுவில் மூன்று நாள் விடாத மழை. அதே ஏற்றம், அதே முதல் கியர். திடீரென்று வண்டி லேசாகிப் பாய்ந்தது. திரும்பிப் பார்த்தால் பின்சீட்டில் ஆளில்லை. சுடலைமுத்து ஓடும் வண்டியிலிருந்து குதித்து, சேற்றில் உருண்டு, எழுந்து டவரை நோக்கி நடந்துகொண்டிருந்தார். என்னிடம் கேட்கவுமில்லை. வண்டியை ஒரு மரத்தில் சாய்த்துவிட்டு, நாலு வார்த்தை திட்டலாம் என்று பின்னால் போனேன்.

டவரின் மேல்பக்கத்துக் கால்களுக்குப் பின்னால் சரிவு முழுக்க வளைவாக ஒரு விரிசல். கையை விட்டால் முழங்கை வரைக்கும் உள்ளே போனது. கீழ்ப்பக்கத்தில் ஒரு காலின் அஸ்திவாரமே வெளியே தெரிந்தது; அதைச் சேர்ந்த இரும்புச் சட்டம் முறுக்கிய ஈரத்துணி மாதிரி வளைந்திருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். பத்தடியிலிருந்து பார்த்தபோது டவர் நேராக இல்லை. குடிசைகள் பக்கம் சாய்ந்திருந்தது.

கோணிப்பையோடு ஓடி வந்த அதே பெண் அங்கே நின்றாள். மராத்தியில் பேசினாள். விரிசல் பத்துப் பன்னிரண்டு நாளாகவே இருக்கிறதாம். அவளும் அவள் கொழுந்தனும் அதில் கல்லும் மண்ணும் போட்டு அடைத்துப் பார்த்தார்களாம். போன வாரம் பட்பட்டியில், அதாவது மோட்டார் சைக்கிளில், போன சாகேபைக் கூப்பிட்டார்களாம். "கூப்பிட்டோம். அவர் கையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்" என்றாள். என்னை அடையாளம் தெரியாமல் சொன்னாளா, தெரிந்தே சொன்னாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

உங்களுக்குத் தெரிந்திருக்கும், லைன் விழுந்தால் தானாகவே மின்சாரம் நின்றுவிடும். ஆனால் கண்ட்ரோல் ரூமில் இருப்பவருக்கு விழுந்தது தெரியாது. கிளை பட்டிருக்கும் என்று நினைத்து ஒரு தடவை மறுபடி மின்சாரத்தை விட்டுப் பார்ப்பார். அந்த ஒரு தடவை மின்சாரம் வரும்போது கம்பி பதினோரு குடிசை மேல் கிடக்கும். கம்பெனி டெலிபோன் இருந்த சப்ஸ்டேஷன் ஐந்து மைல்.

"நீங்க போங்க. இங்கன உள்ளத நான் பாத்துக்கிடுதேன்" என்றார் சுடலைமுத்து.

"குடிசைக்காரங்க கிளம்பி வர மாட்டாங்களே. நாத்து நடற சமயம்."

"வருவாங்க. மொதல்ல ஆடுகளப் பத்திக்கிட்டுப் போறேன். ஆட்டுப் பின்னால ஆளு தானா வரும்."

நான் அன்று ஓட்டிய மாதிரி அதற்கு முன்னும் ஓட்டியதில்லை, பின்னும் இல்லை. மலையிறக்கத்தில் பிரேக்கைத் தொடாமல், எஞ்சின் பிடியிலேயே வண்டியை இறக்கினேன். சேற்றுத்தடத்தில் பின்சக்கரம் வால் மாதிரி ஆடியது. ஆடட்டும் என்று விட்டேன். விழவில்லை. கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது. அந்த நேரத்திலும் கர்வப்பட இடம் கண்டுபிடித்தவன் நான்.

இரண்டு மைலில் ஓடை வந்தது. வழக்கமாக முழங்கால் அளவு. அன்று செம்பழுப்பாகச் சுழித்துக்கொண்டு ஓடியது. மற்ற நாளாக இருந்தால் கியரை மாற்றி நேரே விட்டிருப்பேன். மீரான் பாய் சைலன்சரை உயர்த்தியது எதற்கு? கை கிளட்சைப் பிடித்திருந்தது. அப்போதுதான், வண்டியில் ஏறிய ஒன்றரை வருடத்தில் முதல் தடவையாக, எதையும் தாண்டும் முன் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கிப் பார்த்தேன். ஒரு கழியை விட்டேன். இடுப்பளவு வந்தது, கழியைப் பிடுங்கிக்கொண்டு போனது. வண்டியோடு இறங்கியிருந்தால் அடுத்து என்னைத்தான் தேடியிருப்பார்கள். டெலிபோன் செய்ய யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

கொஞ்சம் மேலே ஓடைக்குக் குறுக்கே தண்ணீர்க் குழாய் ஒன்று போகும். ஊர்க்காரர்கள் அதன்மேல் தலைச்சுமையோடு நடந்து போவார்கள். நான் நடக்கவில்லை. குதிரையில் உட்காருவதுபோல் உட்கார்ந்து, இரண்டு கையையும் ஊன்றி, அங்குலம் அங்குலமாக நகர்ந்து அக்கரை சேர்ந்தேன். பிறகு மூன்று மைல் ஓட்டம். மாட்டுங்காவில் யாரும் அதைப் பார்க்கவில்லை.

சப்ஸ்டேஷன் டெலிபோனில் கண்ட்ரோல் ரூம்காரர், உங்கள் ஏ.இ. சொல்லாமல் லைனை எடுக்க, அதாவது மின்சாரத்தை நிறுத்த, முடியாது என்று அவரை இணைத்தார்.

"சாயறதுன்னா எவ்வளவு சாயறது? சரியாச் சொல்லும் ஓய். மில்லுல ஷிப்ட் நடந்துண்டிருக்கு" என்றார் ஏ.இ.

"அளக்கலை சார்."

"அளக்காம எப்படி லைனை எடுக்கச் சொல்றீர்? போன வாரம் நல்லதுன்னு எழுதியிருக்கீரே!"

"போன வாரம் நான் பாக்கவே இல்லை சார். விரிசல் அப்பவே இருந்திருக்கு."

அவர் குரலைத் தாழ்த்தினார். "அதை யாரும் உம்மைக் கேக்கலை. நேத்து மழையில ஆச்சு. புரியறதா?"

"லைனை எடுங்கோ சார்."

"புரியறதான்னு கேட்டேன்."

நாற்பது டவர் என்பது அவர் பெயரில் மேலே போன எண்ணிக்கை. அவர் எதற்குப் பயந்தார் என்று எனக்குத் தெரியும். பேரம் பேச நேரமில்லை என்பது அவருக்கும் தெரியும்.

"புரியறது சார்" என்றேன்.

லைனை எடுத்தார்கள்.

நான் திரும்பிப் போய்ச் சேர்ந்தபோது சுடலைமுத்து மலைக்கு மறுபக்கம் ஒரு மாமரத்தடியில் நின்றிருந்தார். சுற்றிலும் ஆடுகள், கோழிக்கூடைகள், நனைந்த குழந்தைகள், அவரைத் திட்டிக்கொண்டிருந்த பெண்கள். நாலரை மணி வாக்கில் சரிவு நகர்ந்தது. முதலில் இரும்பு கிறீச்சிடும் சத்தம், பிறகு மண்ணின் சத்தம். டவர் அவசரமில்லாமல் சாய்ந்து விழுந்தது. மூன்று குடிசைகள் அடியில் போயின. கம்பி மற்றவற்றின் மேல் கிடந்தது. திட்டிக்கொண்டிருந்த பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் குழந்தைகளை எண்ணத் தொடங்கினார்கள். எல்லாரும் இருந்தார்கள்.

என் ரிப்போர்ட்டில் 'முந்தின நாள் மழையில் திடீரென ஏற்பட்ட விரிசல்' என்று எழுதினேன். ஏ.இ. சொன்னபடிதான். இந்தத் தடவையும் கையெழுத்து நன்றாகத்தான் வந்தது.

மூன்று வாரம் கழித்துச் செம்பூர் ஆபீசில் விசாரணை. தலைமை வகித்த அதிகாரியும் நம்மூர்க்காரர் என்பதால் சுடலைமுத்துவைத் தமிழிலேயே கேட்டார். "எட்டு நாள் முன்னாடி அந்தப் பக்கம் போனீங்களே, அப்போ உங்களுக்கு ஒண்ணும் தெரியலையா?"

என் பேரத்தைப் பற்றிச் சுடலைமுத்துவுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

"தெரிஞ்சுது சாப். நிப்பாட்டச் சொன்னேன்."

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். ஏ.இ. மேஜைமேலிருந்த பேப்பர் வெயிட்டை உருட்டினார். சுடலைமுத்து என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு அதிகாரியிடம் சொன்னார்: "வண்டிச் சத்தத்துல சாபுக்குக் கேட்டிருக்காது."

அதிகாரி தலையாட்டி எழுதப் போனார். நல்ல பதில் அது. யாருக்கும் சேதமில்லை. நான் சும்மா இருந்திருந்தால் போதும்.

"ரெண்டாவது தடவை அவர் சொன்னப்போ எஞ்சின் ஓடலை சார்" என்றேன். "கேட்டது. நான்தான் பாக்கலை. அதை டெலிபோன்ல ஏ.இ.கிட்டயும் சொன்னேன்."

விளைவு இதுதான். என்னை இரண்டு வருடம் ஸ்டோர் ரூமுக்கு அனுப்பினார்கள். அங்கே போல்ட்டுகளை அளவு வாரியாகப் பிரித்தேன். ஏ.இ.க்கு டெலிபோன் பேச்சு சரியாக ஞாபகமில்லை. விரைவாக லைனை எடுத்த சமயோசிதத்துக்காகத் தலைமை ஆபீசுக்குப் பதவி உயர்வில் போனார். நாற்பது என்ற எண்ணை யாரும் வாபஸ் வாங்கவில்லை. அதைப் பற்றிப் பேசுவதை மட்டும் நிறுத்தினார்கள். வண்டியை நான் அதற்குப் பிறகும் பல வருடம் வைத்திருந்தேன். பேட்ரோலுக்குத் திரும்பிய பிறகு டவருக்கு நூறு கஜம் முன்பே நிறுத்தி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடப்பேன். பார்ப்பதற்குச் சும்மா வெட்டியாக நடக்கிறவன் மாதிரிதான் தெரியும். பரவாயில்லை.

இதைப் படித்துவிட்டு, கடைசியில் உண்மையைச் சொன்ன நல்லவன் என்று என்னைப் பற்றி நினைத்துவிடாதீர்கள். நானும் அன்று அப்படித்தான் நினைத்தேன். விசாரணை முடிந்து வாசலுக்கு வந்தபோது நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்துதான் இருந்தது. சுடலைமுத்து கேட்டருகே பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார். என்னைக் காப்பாற்றப் பார்த்ததற்கு நன்றி சொன்னேன்.

அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஒங்களக் காப்பாத்தணும்னா சொன்னேன்? நல்லா இருக்கே! ஒரு சூப்பர்வைசர எறங்கிப் பாக்க வைக்க எனக்கு ஒண்ணர வருசமும் ஒரு டவரும் ஆயிருக்கு. இனி ஒங்க எடத்துக்குப் புதுசா ஒருத்தன் வருவான். அவங்கிட்ட நான் மொதல்லேருந்து தொடங்கணும்லா?"